பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கே!
கலை அறிவியல் கல்லூரி மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

உயர்கல்வித் துறைக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும்:

2008-09 கல்வியாண்டையொட்டித் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்பத் தேர்வுமுறை வந்தது. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். நான்காம் பகுதியில்தான் சொந்தத் துறைக்கு வெளியே எட்டிப் பார்க்க ஒரு வாசல் இருக்கிறது. என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்) என்று நாங்கள் சொல்லும் விருப்பப்பாடம் அது. மூன்றாண்டுப் படிப்பில் பெரும்பாலும் இரண்டே தாள். அந்த இரண்டையும்கூட எங்களைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை.

பி.காம். வகுப்பு முழுவதும் கணினித் துறைக்கு, கணினி வகுப்பு முழுவதும் வணிகவியலுக்கு என்று துறைத்தலைவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. விதி. மாணவர்கள் பல துறைகளுக்குப் பிரிந்து போனால் ஒர்க்லோடு குறையும், பணியிடம் பறிபோகும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அந்த அச்சத்துக்கு எங்கள் படிப்பை விலையாகக் கொடுப்பதில் நியாயமில்லை.

சில கல்லூரிகளில் 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை'. காலையில் பலகையில் தாள் ஒட்டுவார்கள். டவுன் பஸ்ஸில் வரும் வரலாற்றுத் துறை மாணவி உள்ளே நுழையும்போது தோட்டக்கலைக்கான நாற்பது இடமும் முடிந்திருக்கும். யாரும் கேட்காத தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

வகுப்பை மொத்தமாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று விருப்பங்களை எழுதி வாங்குங்கள். இடத்துக்கு மேல் ஆள் சேர்ந்தால் குலுக்கல் போடுங்கள். இதற்குக் கல்லூரி முழுவதுக்கும் ஒரே நேரத்தில் என்.எம்.இ. வகுப்பு வர வேண்டும்; டைம்டேபிள் போடும்போதே அதற்கான இரண்டு மணி நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டால் மற்றவை தாமாக அமையும். ஆசிரியர் பணியிடத்தை ஒரு பருவத்தின் மாணவர் எண்ணிக்கையை வைத்துக் குறைக்கக் கூடாது. கௌரவ விரிவுரையாளர் எடுக்கும் என்.எம்.இ. வகுப்புக்கும் முழு ஊதியம் வேண்டும்.

அடுத்தது பாடத்திட்டம். எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். பல தாள்கள் முதன்மைப் பாடத்தின் முதல் அலகை வெட்டி எடுத்தவை. வெளித்துறை மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. வேதியியல் துறை மாத்திரை அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுத் தரலாம். வரலாற்றுத் துறை எங்களைப் பக்கத்து ஊர்க் கோயில் கல்வெட்டின் முன் நிறுத்தலாம். பொருளியல் துறை மாநில பட்ஜெட்டை விரித்து வைத்து வரி வரியாக விளக்கலாம். இப்படிப்பட்ட தாள்களைப் புதிதாக எழுதுங்கள். தமிழிலும் நடத்துங்கள், வினாத்தாளைத் தமிழிலும் கொடுங்கள். என்ன பாடம், யார் நடத்துகிறார், தேர்வு எப்படி என்பதைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு பக்கத்தில் தாருங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்து மாறிக்கொள்ள அனுமதியுங்கள்.

அதே நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாக இருப்பதை ஏற்கிறோம், 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் ஒரு முறையேனும் எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள்.

நான்காம் பகுதி மதிப்பெண் பல பல்கலைக்கழகங்களில் வகுப்புத் தரத்துக்குச் சேராது. ஆனால் அதில் அரியர் இருந்தால் பட்டம் கைக்கு வராது. எனவே ஒரு தாளைக் கல்லூரி நிறுத்தினாலும், அதில் அரியர் வைத்திருக்கும் கடைசி மாணவர் தேறும்வரை தேர்வு நடத்த வேண்டும். இவை அனைத்தையும் வரும் ஜூனில் கல்லூரி திறக்கும் முன் சுற்றறிக்கையாக வெளியிடக் கோருகிறோம்.