மதிப்பெண் உயர்ந்தது, மதிப்பு உயர்ந்ததா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

தராசு என்று ஒன்று இருந்தால், அது குறைந்ததைக் குறைவென்றும் கூடியதைக் கூடுதலென்றும் காட்ட வேண்டும். வைத்ததையெல்லாம் ஒரே எடையாகக் காட்டும் தராசைச் சங்கரன்கோவில் பூச்சந்தையில் எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். விடியுமுன் எழுந்து மல்லிகை பறித்தவர்தான் முதலில் சண்டைக்கு நிற்பார். ஆனால் கல்விச் சந்தையில் அப்படிப்பட்ட தராசு வந்துவிட்டது; நாமோ அதைக் கண்டு மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சிந்திக்க வேண்டாமா?

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் பெறும் தரங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு ‘ஏ’ என்று அப்பல்கலைக்கழகத்தின் அறிக்கையே 2025-இல் ஒப்புக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அது 25 விழுக்காடாக இருந்தது. இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பட்டம் பெற்றோர் 2010-11-இல் 15.7 விழுக்காடு; 2020-21-இல் 37.9 விழுக்காடு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல் துணிந்து, ‘ஏ’ தரம் 35 விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டியது. பத்தே ஆண்டுகளில், 2014-இல், அதைக் கைவிட்டது. எல்லோரும் அள்ளி வழங்கும்போது ஒருவர் மட்டும் நேராக அளந்தால், அவருடைய மாணவருக்கே நட்டம் என்ற அச்சம் எழுகிறதல்லவா? இந்நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி 2011-இல், பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவருக்கு பி.காம். ஆனர்ஸ் கட்-ஆஃப் 100 விழுக்காடு என்று அறிவித்தது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் பெருகிய பின், அவர்களுக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது? 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதாவது, ஒரு தேர்வின் மதிப்பெண் நம்பிக்கை இழந்தால், அதன் தலைமேல் இன்னொரு தேர்வு ஏறி உட்காரும். இரண்டாவது தேர்வுக்குப் பயிற்சி நிலையம் உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் கட்ட இயலாத வீடுகளும் உண்டு.

தமிழ்நாட்டில் 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் செலுத்திய அரியர் தாள்களுக்கு, இறுதிப் பருவம் நீங்கலாக, தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2021-இல் பிளஸ் டூ தேர்வு நடக்காமலே அனைவரும் தேர்ச்சி பெற்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் உயிரைக் காக்க எடுத்த முடிவைக் குறை கூறுவதற்கில்லை. தொற்று நீங்கிய பின்னும் அந்தத் தாராளத்தையே உரிமையாகக் கேட்கும் மனநிலை நம்மில் தங்கிவிட்டதே, அதைத்தான் குறை கூறுகிறேன். அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்று பிரித்தது, மாணவன் ஆண்டு முழுதும் படிக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் 25-க்கு 23 என்பது வருகைக்குக் கிடைக்கும் அன்பளிப்பு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஐந்தாண்டு வினாத்தாளும் ஒரு கைடும் இருந்தால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவும் சேர்ந்துகொள்கிறது.

‘ஏழை வீட்டுப் பிள்ளைகள், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், கொஞ்சம் தாராளமாகப் போட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய நல்ல மனத்தை மதிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை விசைத்தறியில் வேலை செய்கிறார். எனக்காகப் பரிந்து பேச உறவினர் எவரும் எந்த அலுவலகத்திலும் இல்லை. எனக்குள்ள ஒரே சிபாரிசுக் கடிதம் மதிப்பெண் பட்டியல்தான். அதில் எல்லோருக்கும் ஒரே எண் இருந்தால், வேலை கொடுப்பவர் வேறு எதைப் பார்ப்பார்? கல்லூரியின் பெயரைப் பார்ப்பார். ஆங்கிலப் பேச்சைப் பார்ப்பார். யார் அனுப்பியது என்று பார்ப்பார். இம்மூன்றிலும் மேலநீலிதநல்லூர் மாணவன் பின்வரிசையில்தான் நிற்பான். ஆக, இரக்கத்தால் போட்ட மதிப்பெண் ஏழையின் கையிலிருந்த ஒரே ஆயுதத்தை மழுங்கச் செய்கிறது.

பத்தாம் வகுப்புத் தகுதிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் பட்டதாரிகளும் வந்து அமர்கிறார்கள். அங்கே 200 வினாக்கள். நம் பட்டத்துக்கென்று ஒரு மதிப்பெண்கூடத் தனியே தரமாட்டார்கள். கல்லூரியில் தவிர்த்த உழைப்பை அங்கே வட்டியோடு கட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கண்டிப்பாகத் திருத்தி நம்மைத் தோல்வியுறச் செய்யச் சொல்கிறேனா? இல்லை. பின்தங்கியவனுக்குத் தேவை உதவி. ஆசிரியப் பெருமக்களை வணங்கிக் கேட்டுக்கொள்வது இதுதான்: அகத்தேர்வு விடைத்தாளை, எங்கே தவறினோம் என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். 12 வாங்கியவனுக்கு 12 என்றே போடுங்கள். அவனை மாலையில் அரைமணி நேரம் உட்காரவைத்து, மறுதேர்வு வைத்து, 18-க்கு உயர்த்துங்கள். அந்த ஆறு மதிப்பெண்ணை அவன் வாழ்நாளெல்லாம் தனதென்று சொல்லிக்கொள்வான்.

நண்பர்களே! நம் பங்கும் உண்டு. விடுமுறையில் வேலைக்குச் சென்று படிப்பவர்கள் நம்மில் பலர். உடலுழைப்புக்கு அஞ்சாத நாம் மூளை உழைப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்? கைடை மூடிவிட்டு நூலகத்தில் பாடநூலைத் திறப்போம். ஆய்வகத்தில் பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதாமல், நம் கருவி காட்டியதை எழுதுவோம். அது பிழையாக வந்தால் ஏன் வந்தது என்று கேட்போம். இரக்கம் தந்த எண்ணைவிட உழைப்பு தந்த எண் சிறியதாகவே இருக்கட்டும். அதை எந்த அவையிலும் தலைநிமிர்ந்து காட்ட முடியும்.