ஒரு நாளில் உருவாகும் உடல்

கலங்கள் கூடி இழையமாகும்; இழையங்கள் கூடி அங்கமாகும்; அங்கங்கள் கூடித் தொகுதியாகும்; தொகுதிகள் யாவுஞ் சேர்ந்து உடலாகும். பள்ளிப் பிள்ளைகள் இதனை மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஆயின், தனித்து வாழவல்ல கலங்கள் ஓருடலாய் இசைவதற்குக் கொடுக்கும் விலை யாதென்று பாடநூல்கள் சொல்வதில்லை. அதனைக் கண்ணாரக் காட்டும் சிற்றுயிர் ஒன்றுண்டு.

1933ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே வட கரோலைனாக் காடொன்றின் உக்கிய இலைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர் கெனத் றேப்பர் என்னும் அறிஞர். டிக்டியோஸ்டீலியம் என்பது அதன் பெயர். (பெயர்தான் உயிரைவிடப் பெரிது!) உணவு உள்ளவரை அது வெறும் அமீபாக் கூட்டம். ஒவ்வொன்றும் பற்றீரியாக்களை விழுங்கும். இரண்டாகப் பிளந்து பெருகும். அயலானைப் பற்றிய கவலை அதற்கில்லை.

பஞ்சம் வந்ததும் நிலைமை மாறுகின்றது. பட்டினியுற்ற கலமொன்று ஓர் இரசாயனப் பொருளைக் கசியவிடும். அதனை உணர்ந்த அயற்கலம் அத்திசை நோக்கி நகர்வதோடு, தானும் அப்பொருளையே கசியவிடும். ஒரு நாய் குரைக்க ஊர் நாய்களெல்லாம் குரைப்பதுபோல அழைப்புப் பரவ, ஓரிலட்சம் கலங்கள் வரையிற் கூடிவிடுகின்றன. அப்பொருள் சக்கர ஏ.எம்.பி. என்பது 1967இல் தெளிவாயிற்று. நாம் அச்சமுறும்போது அட்றினலீனின் கட்டளையை ஈரற் கலத்தினுள்ளே எடுத்துச் செல்வதும் இதே பொருளே என்பது எத்துணை வியப்பு!

திரண்ட கலங்கள் சில மில்லிமீற்றர் நீளமுள்ள புழுப்போலாகி, ஒளியை நாடி ஊர்கின்றன. இப்பொழுது அதற்கு முன்னுண்டு, பின்னுண்டு. பின்னர் அது நிமிர்ந்து நிற்கும். முன்புறத்துக் கலங்கள், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, காம்பாக இறுகி மடிகின்றன. எஞ்சியவை அக்காம்பின் உச்சியேறி வித்திகளாய்ப் பிழைக்கின்றன. இவையனைத்தும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்.

கொடுமையென்று எண்ணவேண்டா. கருவிலே துடுப்புப்போன்றிருந்த நம் கையில் விரல்கள் பிரிந்ததும் இடைப்பட்ட கலங்கள் மடிந்தமையாலேயே.

இவ்வமீபாக்களிடையேயும் ஏய்ப்பவை உண்டு. சில மரபினங்கள் காம்பாகும் கடனைப் பிறர்மேற் சுமத்திவிட்டு, தாம் வித்தியாகிவிடுகின்றன. ஆனால், அத்தகையனவற்றை மட்டும் தனியே வளர்த்தால் அவற்றுட் சிலவற்றால் நல்ல வித்தியைத்தானும் ஆக்க முடிவதில்லை. நம்முடலிலும் ஒழுங்கை உதறித் தன்போக்கிற் பெருகுங் கலம் தோன்றுவதுண்டு. அதனையே புற்றுநோய் என்கின்றோம். ஏய்க்கும் அமீபாவாவது வித்தியாகி வேற்றிடஞ் சென்று பிழைக்கலாம். நமது புற்றுக்கலத்துக்கோ அத்தகைய போக்கிடமில்லை.