பேச்சுப் பயிற்சித் துறைக்கு எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கு இந்தியாவில் வாசல் ஒன்றுதான்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அனுமதி பெற்ற, செவித்திறனையும் பேச்சு-மொழிச் சிகிச்சையையும் சேர்த்துக் கற்பிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டம். மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், ஆக நான்கு ஆண்டுகள். அந்த அனுமதி இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு, கல்லூரியைத் தேர்ந்தெடுக்க முதல் அளவுகோலாக இருக்க வேண்டியது அதன் கிளினிக் என்பதே எங்கள் கருத்து. கல்லூரியின் பெயர், வளாகம், விடுதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்ட விஷயத்தில் குழப்பம் வருவதற்குக் காரணம் அமெரிக்க ஆலோசனைகள். அங்கே இளநிலையில் உளவியலோ மொழியியலோ படித்துவிட்டு, விடுபட்ட பாடங்களை முடித்துக்கொண்டு, முதுநிலையில் இத்துறைக்குள் நுழையலாம். தொழில் உரிமமே முதுநிலைக்குப் பிறகுதான். இங்கே நிலைமை தலைகீழ். பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் பெயர் சேர்த்துத் தொழில் செய்யலாம். முதுநிலைப் படிப்பும் அந்தப் பட்டத்தின் மேல்தான் நிற்கிறது. ‘முதலில் பி.எஸ்சி. சைக்காலஜி, பிறகு பார்க்கலாம்’ என்று தொடங்குபவர் மூன்று ஆண்டு கழித்து மறுபடி முதலாம் ஆண்டில் உட்கார வேண்டியிருக்கும். செவித்திறன், மொழி, பேச்சுக்கான ஓராண்டு டி.எச்.எல்.எஸ். டிப்ளமோவும் ஆர்.சி.ஐ. ஏற்றதுதான், ஆனால் அது டெக்னீஷியன் நிலைக்கானது. இவை எதிலும் சேராத குறுகிய காலச் சான்றிதழ்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். சிறை என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி கிளினிக். இந்தப் படிப்பில் பாடப்புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது; எதிரே உட்காரும் குழந்தை தமிழில் பேசுகிறது. ‘வாழைப்பழம்’ என்று சொல்லச் சொன்னால் ஒரு குழந்தை ‘வாளப்பளம்’ என்கிறது, இன்னொன்று ‘வாயப்பயம்’ என்கிறது. இது உச்சரிப்புக் கோளாறா, வீட்டுப் பேச்சா? உடன் வந்திருக்கும் அம்மாவை நாலு வார்த்தை பேசவிட்டுக் கேட்டால் விடை கிடைத்துவிடும். ஆனால் ஐந்து வயதில் ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லும் குழந்தையின் சிக்கல் வேறு. நாக்கின் பின்புறம் எழ வேண்டிய இடத்தில் நுனி எழுகிறது. நுனியைக் கீழே அழுத்திப் பிடித்து, ‘க’ பிறக்கும் இடத்தை அந்தக் குழந்தைக்கு உணர்த்த வேண்டும். முன்னதைக் கோளாறு என்று எழுதுவதும் பின்னதைச் செல்லப் பேச்சு என்று விட்டுவிடுவதும் ஒரே அளவு பிழை. இந்த வேறுபாடு காதுக்குப் பழக வேண்டுமென்றால் பல குழந்தைகளைக் கேட்டிருக்க வேண்டும். திக்குவாய், அண்ணப் பிளவு, பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவிக்கும் பெரியவர், தண்ணீர் விழுங்கினாலே புரையேறுபவர் என ஒவ்வொன்றும் அப்படித்தான். செவித்திறன் சோதனையும் இதே பட்டத்தின் பாதி; ஆடியோமெட்ரி அறையில் மாணவர் தானே அமர்ந்து பழகாத கல்லூரி அந்தப் பாதியை ஏட்டளவில்தான் கற்பிக்கிறது.

பெயர்பெற்ற கல்லூரிப் பட்டம் வேலை வாங்கித் தரும் என்பது எங்கள் நிலைப்பாட்டுக்கு வரும் முதல் மறுப்பு. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பு வந்ததே அங்கு சிகிச்சைக்குக் குவியும் மக்களால்தான். அதே அளவுகோலை மற்றக் கல்லூரிகளுக்கும் வைக்கச் சொல்கிறோம். இரண்டாவது மறுப்பு கனமானது: தேவை இவ்வளவு இருக்க, நான்கு ஆண்டுப் படிப்பை வலியுறுத்துவது ஊர்ப்புறக் குழந்தைகளைக் காத்திருக்க வைப்பதாகாதா? தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தப்படும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி ஒலியை மட்டுமே தரும். அதைச் சொல்லாகக் கேட்கப் பழக்குவது மாதக்கணக்கான பயிற்சி. அதை அரைகுறையாகச் செய்பவரிடம் போகும் குழந்தை, மொழி எளிதாக ஒட்டும் வயதை இழக்கிறது. அதைத் திருப்பித் தர எந்த அறுவை சிகிச்சையாலும் முடியாது. தட்டுப்பாட்டுக்கு வழி அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பட்டத்துக்கான இடங்களைக் கூட்டுவது. அதை அரசிடம் கேட்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆர்.சி.ஐ. அனுமதி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்படுவது; கல்லூரி சொல்வதை நம்பாமல் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் இந்த ஆண்டுக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வேலை நாள் காலையில் அந்தக் கல்லூரியின் ஓ.பி.க்குப் போய், மாணவர்கள் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கட்டணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.