பிள்ளையின்ர பேயை நீங்கள் செய்யாதேங்கோ

ஒக்ரோபர் பிறந்தால் போதும், ரொறன்ரோவில இருந்தும் லண்டனில இருந்தும் சொந்தக்காரர் அனுப்புற ஹலோவீன் படங்களால வட்ஸ்அப் நிரம்பிடும். மூண்டு வயசுப் பிள்ளையின்ர கையில ஒரு கறுப்புக் கடதாசி வௌவால். ரெண்டு செட்டையும் ஒரே அளவு, கண் ரெண்டும் ஒரே நேர்கோட்டில. கீழ, “குட்டி தானாச் செய்தது” எண்டு ஒரு வரி. ஆரை நம்பச் சொல்லுறீங்கள்? அந்த வயசில கத்தரிக்கோலைத் திறந்து மூடுறதே பெரிய வேலை. வௌவாலைச் செய்தது அம்மா. இல்லாட்டி, வெட்டிப் பெட்டிக்குள்ள அடுக்கி வித்த கொம்பனி. பிள்ளை செய்தது கண்ணை ஒட்டினது மட்டும்தான். அதையும் பேந்து ஆரோ கழட்டி நேராக்கி இருப்பினம்.

“சின்னப் பிள்ளையளோட ஈசியா செய்யக்கூடிய பயங்கரமான கைவேலைகள்” எண்டு யூரியூப் முழுக்க வீடியோ கிடக்கு. ஈசி ஆருக்கு? பெரியாக்களுக்கு. மேசை ஊத்தையாகாது, பதினைஞ்சு நிமிசத்தில முடியும், படம் வடிவா வரும். பிள்ளைக்கு அதில என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

இந்தக் கொண்டாட்டத்தின்ர கைவேலை இப்படித் தொடங்கினதும் இல்லை. அயர்லாந்திலயும் ஸ்கொட்லாந்திலயும் குளிர்காலம் தொடங்கேக்க, நோக்கோல் மாதிரி இருக்கிற டேர்னிப் கிழங்கைக் குடைஞ்சு, முகம் வெட்டி, உள்ளுக்கு நெருப்பு வைச்சினம். அங்கயிருந்து அமெரிக்காவுக்குப் போன சனத்துக்கு அந்த மண்ணின்ர பூசணி கிடைச்சுது. பெருசு, குடையிறதும் சுகம். இண்டைக்கு நாங்கள் காணுற சிரிக்கிற பூசணி அப்படி வந்ததுதான். அயர்லாந்தின்ர மேயோ மாவட்டத்தில இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தில பழைய டேர்னிப் விளக்கொண்டின்ர அச்சு இருக்கு. படத்தைத் தேடிப் பாருங்கோ. குழிவிழுந்த கண், தாறுமாறான பல்லு. எந்தக் கடைப் பொம்மையும் அதுக்குக் கிட்டவும் வராது. கோணலா இருக்கிறதாலதான் அது பயப்படுத்துது.

வியாபாரம் பேந்து வந்து கெடுத்தது எண்டு சொல்லிப்போட்டுத் தப்பவும் ஏலாது. 20ஆம் நூற்றாண்டின்ர தொடக்கத்திலயே அமெரிக்காவின்ர டெனிசன் கொம்பனி தன்ர கிரேப் கடதாசியை விக்கிறதுக்காக ஹலோவீன் அலங்காரம் செய்யச் சொல்லிக் குடுக்கிற சின்னப் புத்தகங்கள் போட்டது. அதுவும் காசுக்குத்தான். ஆனா கடதாசியை வித்துப்போட்டு வேலையைச் சனத்தின்ர கையில விட்டது. இண்டைய கிட் அந்த வேலையையும் பறிச்சு வைச்சுக்கொண்டு, ஒட்டுற சுகத்தை மட்டும் விக்குது.

இதில பறிபோறது என்ன? 1969இல் ரீத்தா டிவ்ரீஸ் எண்ட உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டா. மேனார்ட் எண்ட சாதுவான பூனையைப் பிள்ளையளுக்குக் காட்டிப்போட்டு, பேந்து அதுக்கு ஒரு நாய் முகமூடியைப் போட்டுக் காட்டினா. பூனையின்ர பின்பக்கம் கண்ணுக்கு முன்னாலயே இருந்தும், மூண்டு வயசுக்காரர் பலர் அது நாயா மாறிட்டுது எண்டுதான் நம்பினவை. ஆறு வயசுக்காரரில பெரும்பாலானவை ஏமாறேல்லை. இதைப் படிச்சால் விளங்கும், சின்னப் பிள்ளைக்குக் கடையில தொங்குற எலும்புக்கூடு வெறும் அலங்காரம் இல்லை. அந்தப் பயம் உண்மையான பயம்.

அந்தப் பிள்ளையின்ர கையில கடதாசியையும் பசையையும் குடுங்கோ. பேயின்ர வாயைத் தானே கிழிச்ச பிள்ளைக்கு, அந்த வாய்க்குப் பின்னால இருக்கிறது காலைச் சாப்பாட்டுப் பெட்டியின்ர மட்டை எண்டு தெரியும். பயத்தைத் தன்ர கையால செய்யலாம், வேண்டாமெண்டால் கிழிக்கலாம் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் இந்தக் கைவேலையின்ர முழுப் பெறுமதி. நீங்கள் திருத்தித் திருத்தி நேராக்கினால் அது உங்கட பேய். பிள்ளை அதுக்குப் பார்வையாளர்.

ரெண்டு மறுப்பு வரும். ஒண்டு, “இது எங்கட கலாசாரமே?” இல்லைத்தான். ஆனா பள்ளிக்கூடத்திலயும் தெருவிலயும் பிள்ளை காணுற பேயை வீட்டுக்கதவைப் பூட்டி மறைக்க ஏலாது. மற்றது நியாயமானது: இரவு வேலையும் பகல் வேலையும் செய்து களைச்சுப்போய் வாற தாய் தகப்பனுக்கு எங்கால நேரம்? அவையளுக்குத்தான் சொல்லுறன், கிட்டை விடச் சுகமான வேலை இருக்கு. இலையுதிர்காலம், வாசலில மேப்பிள் இலை கொட்டிக் கிடக்கும். ஒரு காய்ஞ்ச இலையைப் பொறுக்கி, வெள்ளைப் பெயின்ற் பூசி, காம்பு மேல வாறமாதிரிப் பிடிச்சு, கறுப்பில ரெண்டு கண் வைச்சால் பேய். ரொய்லற் ரிசு உருளையின்ர மேல் விளிம்பை உள்ளுக்கு அமத்தினால் ரெண்டு காது வரும், அது வௌவால். பெருவிரலை மடிச்சு, ரெண்டு கையையும் கறுப்புப் பெயின்றில தோய்ச்சு, உள்ளங்கைகள் ஒண்டுக்குமேல ஒண்டு விழ அடிச்சால் எட்டுக் கால் சிலந்தி. காசு பெயின்றுக்கு மட்டும்தான். ஒண்டில மட்டும் கவனம்: மின்னுற விளக்குகளில இருக்கிற பொத்தான் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் உயிராபத்து. பற்றரி மூடி திருகாணியால இறுக்கினதா எண்டு பாத்து வாங்குங்கோ.

உங்களில கனபேருக்கு அங்க மருமக்கள், பெறாமக்கள் இருப்பினம். படம் வந்தால் “வடிவு” எண்டு போட்டுவிட்டுப் போகாதேங்கோ. “இதில எது நீ செய்தது?” எண்டு பிள்ளையிட்டயே கேளுங்கோ. ஒற்றைக் கண்ணோட, செட்டை கிழிஞ்ச வௌவாலொண்டை அது காட்டினால், அதைப் புகழுங்கோ. தாய் தகப்பனும் கேட்டுக்கொண்டு நிக்கட்டும்.