காற்றடிக்கும் நாளில் மரமேறச் சொல்வது யார்?

ஆனிக் கடைசியில் கிளம்பி ஆவணி வரைக்கும் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களை வாட்டுகிற மேல்காற்றைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றி, கரூரையும் திருச்சியையும் தாண்டி வந்து நம் புழுதிக் காடுகளில் விழுகிற காற்று அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் காற்றில்தான் அறுபதடித் தென்னையின் உச்சியில் ஒரு மனிதன் கையில் அரிவாளோடு நிற்கிறான். கூலிக்காக நிற்கிறான். அவனை அந்த நேரத்தில் மேலே அனுப்பியது யார்? இன்று வேண்டாம், இறங்கு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இந்த வாரம் நாம் எழுப்புகிற கேள்வி இதுதான்.

நம் இரு ஜில்லாக்களிலும் மரமேறிப் பிழைப்பவர்கள் பலவகை. கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா.பழூர் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரைப் பனைகளில் கோடையில் நுங்கும் மற்ற நாட்களில் ஓலையும் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். ரோட்டோரப் புளிய மரங்களில் ஏறிப் புளி உலுக்குபவர்களும், மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளைக் காண்டிராக்ட் கூலிக்குக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்பதே கிடையாது. மரத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. ஏறினால் காசு; ஏறாவிட்டால் அடுப்பு எரியாது. கீழே காய் பொறுக்கிக் குவிக்கிற பெண்களின் கூலியும் மேலே ஏறுகிறவனின் கால்களை நம்பியே இருக்கிறது.

"மேலே காற்று சரியில்லைங்க ஐயா" என்று மரமேறுபவர் சொல்கிறார். "இதெல்லாம் ஒரு காற்றாப்பா? வியாபாரி வண்டியோடு வந்து நிற்கிறான், நாலு மரத்தையாவது முடித்துக் கொடு" என்று தோப்புக்காரர் சொல்கிறார். இந்தப் பேச்சு எத்தனை தோப்புகளில் எத்தனை முறை நடந்திருக்கும்! முடிவு என்ன ஆகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தோப்புக்காரர் தரையில் நின்று காற்றை அளக்கிறார். தொழிலாளி உச்சியில் நின்று அளக்கிறான். தரையில் நிற்பவரின் அளவே செல்லுபடியாகிறது.

அந்த அளவு ஏன் தப்பானது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

தோப்புக்குள் தரையில் நிற்பவருக்குக் காற்று குறைவாகவே தெரியும். வரப்பும் வேலியும் மரங்களும் அதைத் தடுக்கின்றன. உயரே போகப் போக வேகம் கூடுகிறது. வானிலை இலாகா சொல்லும் காற்று வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்தில் அளப்பது. அறுபதடி மரத்தின் உச்சியில் அதைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டும். அது மட்டுமல்ல, சொல்லப்படும் வேகம் சராசரி வேகம். இடையிடையே வந்து மோதுகிற வீச்சு அந்தச் சராசரியைவிட ஒன்றரை மடங்கு வரை எகிறுவது சாதாரணம். மனிதனைத் தள்ளுவது சராசரியல்ல, அந்த வீச்சுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "நேற்றைக்கு விடக் கொஞ்சம்தானே கூட அடிக்கிறது" என்று சொல்பவர் இதை மறந்துவிடுகிறார். தென்னைக்கும் பனைக்கும் பற்றிக்கொள்ளக் கிளை கிடையாது. ஒற்றைத் தண்டு, அதன் தலையில் பாய் விரித்தாற்போல் ஓலைகள். காற்று முழுவதும் அந்தத் தலையில்தான் விழுகிறது. குலையை வெட்டும்போது ஒரு கை அரிவாளுக்குப் போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஒரு கையும் கால் தளையும்தான். அந்த ஒரு நொடியில் வீச்சு வந்தால் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் பயன் என்ன? வெட்டிய குலையும் நேரே விழாது; கீழே பொறுக்குகிற பெண்களின் தலைக்குத் திரும்பும்.

உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தால் வேலையை நிறுத்துவது உலகத்தில் புதிய வழக்கமல்ல. நம் ஜில்லாவே இதற்குச் சாட்சி. 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் பாலத்தின் கரையை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மழையின் குற்றம், விதியின் குற்றம் என்று யாரும் அதை மூடிவிடவில்லை. அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தாமே பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டு போயிற்று. 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்றை அளக்கக் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், ரயில் நின்றுவிடும்.

நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலுக்கு ஓர் எல்லை உண்டு. மரக்கிளை கழிக்கவும் விளக்குக் கம்பம் பழுது பார்க்கவும் வருகிற தூக்கு வண்டிகளிலும், வெளியிடத்தில் பயன்படுத்துகிற பலவற்றுக்கு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர்தான் எல்லை என்று செய்தவர்களே நிர்ணயித்திருக்கிறார்கள். கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்றால், மீனவர்கள் போக வேண்டாம் என்று அரசாங்கமே எச்சரிக்கிறது. ரயிலுக்கு எல்லை இருக்கிறது, இயந்திரத்துக்கு எல்லை இருக்கிறது, படகுக்கு எல்லை இருக்கிறது. கயிற்றுத் தளையை நம்பி ஏறுகிற மனிதனுக்கு மட்டும் எல்லை இல்லை! இது என்ன நியாயம்?

ஊர்தோறும் காற்றளக்கும் கருவிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கருவி இல்லாமலே அளக்க வழி இருக்கிறது. 1805-ம் ஆண்டில் போஃபர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி, கண்ணால் பார்த்தே காற்றை எடைபோட ஒரு படிவரிசை வகுத்தார். பின்னாளில் அதைத் தரைக்கும் பொருத்தினார்கள். புழுதியும் காகிதத் துண்டும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் அது நாலாம் படி. மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலை நிறைந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கி, ஏரித் தண்ணீரில் நுரைத்த சிற்றலை எழுந்தால் ஐந்தாம் படி. 29 முதல் 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் அசைந்து, கம்பிகள் விசிலடித்து, குடை பிடிப்பது கஷ்டமானால் ஆறாம் படி. 39 முதல் 49 கிலோமீட்டர். முழு மரமும் ஆடி, எதிர்த்து நடப்பதே சிரமமானால் ஏழாம் படி. இதைப் படிக்கிற எந்த விவசாயத் தொழிலாளிக்கும் இந்த அடையாளங்கள் புதியவையல்ல. படிக்குப் பெயரும் எண்ணும்தான் புதிது.

இதை வைத்து நாம் ஒரு முறையை முன்வைக்கிறோம். நாலாம் படியில் நெட்டை மரம், சாய்ந்த மரம், நனைந்த மரம் எதிலும் ஏறக்கூடாது. தொழிலுக்குப் புதியவர் எந்த மரத்திலும் ஏறக்கூடாது. ஐந்தாம் படி வந்துவிட்டால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அதற்கும் குறைந்த காற்றிலேயே ஏறுகிறவர் வேண்டாம் என்றால் அவர் சொல்லே முடிவு.

ஆடிக் காற்றாவது சொல்லிக்கொண்டு வருகிறது. சித்திரை, வைகாசி மாதக் கோடை இடி மழை அப்படி வருவதில்லை. நுங்கு வெட்டும் நேரத்தில் இலைகூட அசையாது. மேற்கே பச்சைமலைப் பக்கம் கருமேகம் கட்டும். மழைக்கு முன்னால் திடீரென்று குளிர்ந்த காற்று சுழற்றி அடிக்கும். அந்தக் காற்று முகத்தில் பட்ட பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முதல் இடிச் சத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும். தனித்து நிற்கும் பனையை மின்னலும் தேடி வரும். புயலுக்குப் பிறகு வரும் ஆபத்து வேறு வகை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாத் தென்னைகளை வீழ்த்தியதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட புயலில் விழாமல் தப்பிய மரம்கூட வேரில் அசைந்திருக்கலாம். மண் ஊறியிருக்கும்போது மெல்லிய காற்றும் அதற்குப் போதும். வேரடி மண்ணில் வெடிப்பு இருக்கிறதா என்று பாராமல் ஏறக்கூடாது.

இவ்வளவும் மரமேறுபவருக்குத் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் ஏறுகிறார்? வீட்டில் அரிசி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும் என்பதால்தான். இன்று மறுத்தால் நாளை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும். எவ்வளவு காற்று அதிகம் என்ற கேள்விக்கு விடையைத் தேடிப் பார்த்தால், அது மரத்தின் உச்சியில் இல்லை, கூலிக் கணக்கில் இருக்கிறது. ஏறாத நாளுக்குக் கூலி இல்லை என்றிருக்கும் வரை எந்த எச்சரிக்கைப் பலகையும் யாரையும் காப்பாற்றாது.

ஆகவே காற்று நாளுக்குப் பாதிக் கூலி வேண்டும் என்று நாம் சொல்கிறோம். இது ஆகாத கோரிக்கையா? ஆலைத் தோழர்களைக் கேளுங்கள். மின்சாரம் நின்றாலும் கச்சாப்பொருள் தீர்ந்தாலும் லே-ஆஃப் நாளுக்குப் பாதிச் சம்பளம் என்ற விதி 1953-ம் ஆண்டில் தொழில் தகராறு சட்டத்தில் ஏறியது. பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதிச் சம்பளம் தொடர்கிறது. அந்த நஷ்டஈடு ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே பொருந்தும் என்பதையும் ஆலைத் தோழர்கள் அறிவார்கள். மூன்று பேராகத் தோப்புத் தோப்பாகப் போகிறவர்களுக்கு அது எட்டாது. கடலோரத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்க நிவாரணம் உண்டு. மீன் குஞ்சு பிழைக்க வேண்டும் என்று நிறுத்துகிற வேலைக்கு நிவாரணம் இருக்கும்போது, மனிதன் பிழைக்க வேண்டும் என்று நிறுத்துகிற வேலைக்கு ஏன் இருக்கக்கூடாது?

"இப்படி விட்டால் சோம்பேறிகள் தினமும் காற்று காற்று என்று உட்கார்ந்துவிடுவார்கள்" என்பார்கள். பாதிக் கூலிக்காக முழுக் கூலியை விடுகிற ஏழை எந்த ஊரில் இருக்கிறான்? "காய் முற்றி உதிர்ந்துவிடும், நஷ்டம்" என்பார்கள். ஒரு தென்னையில் ஆண்டுக்கு ஆறேழு முறை பறிக்கிறோம். இரண்டு நாள் தள்ளிப் பறித்தால் தோப்பு அழிந்துவிடாது. சிறு தோப்பு வைத்து, தானும் கடனில் தவிக்கிற ஏழை விவசாயியின் தலையில் இந்தப் பாரத்தைக் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெரிய தோப்புக்காரர்களும் மொத்தக் குத்தகைக்காரர்களும் காண்டிராக்டர்களும் கொடுக்கட்டும். சிறு விவசாயிகளின் தோப்புகளில் ஏறுகிறவர்களுக்கு நல வாரிய நிதியிலிருந்து சர்க்கார் கொடுக்கட்டும்.

ஆபத்தை விட்டு விலகும் உரிமையை உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2001-ம் ஆண்டு விவசாய வேலைப் பாதுகாப்புக்காக 184-வது உடன்படிக்கையை ஏற்றது. உடனடியான பெரிய ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், விவசாயத் தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகலாம்; அதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. அந்த வாசகம் ஜெனீவாவிலிருந்து நம் ஊர்த் தோப்பு வேலிக்குள் இன்னும் நுழையவில்லை. நுழைய வைப்பது நம் கையில் இருக்கிறது.

கிராமந்தோறும் மரமேறுபவர்கள், காய் பொறுக்கும் பெண்கள், கிளை கழிப்பவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, ஐந்தாம் படிக் காற்றில் யாரும் ஏறுவதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். ஒருவர் மறுத்த மரத்தில் இன்னொருவர் ஏறுவதில்லை என்பது அந்தத் தீர்மானத்தின் உயிர்நாடி. பஞ்சாயத்து ஆபீசில் தினந்தோறும் காலையில் காற்று, இடிமழை பற்றிய வானிலை அறிவிப்பை எழுதிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் உடனே பதிய வேண்டும். பதிவு இல்லாதவர் விழுந்தால் அவர் இந்தத் தொழிலாளி என்று நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டியிருக்கும். எறையூர் சர்க்கரை ஆலையிலும் அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலும் வேலை செய்கிற தோழர்கள், தங்கள் யூனியன் கூட்டங்களில் காற்று நாள் கூலியை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மரமேறுபவர் அவர்களுக்கு அந்நியரல்ல. அண்ணனோ மாமனோ மச்சானோதான்.

காற்றை நிறுத்த யாராலும் முடியாது. காற்றடிக்கும்போது ஒரு மனிதனை மேலே அனுப்புவதை நிறுத்த முடியும். அடுத்த ஆடி பிறப்பதற்குள் அதை நம் இரு ஜில்லாக்களிலும் நிறுத்திக் காட்டுவோம்!