பொரிகடலைக் கலவை தள்ளுபடிச் சரக்கல்ல



ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் நம்மில் பலருடைய கடை வாசலில் ஒரு காட்சியைக் காணலாம். விற்காமல் நின்ற பொரி, மூட்டை அடியில் தங்கிய பொட்டுக்கடலை, எப்போது வாங்கியது என்று நமக்கே நினைவில்லாத நிலக்கடலை எல்லாம் ஒன்றாகக் கொட்டப்பட்டு, கொஞ்சம் சர்க்கரையும் தூவி, பைகளில் கட்டித் தொங்கும். விலை மலிவு என்று ஒரு அட்டையும் இருக்கும். நின்றுபோன சரக்கை நகர்த்த இது ஒரு வழி என்று நாம் நினைக்கிறோம். நல்ல வியாபாரம் ஒன்றை நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் வழி இது என்பது என் கருத்து.

இன்று வீட்டில் பிறந்த நாள் என்றாலும், பள்ளியில் விழா என்றாலும், நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவதென்றாலும், தட்டில் வைக்க இனிப்பும் உப்புமாக ஒரு கொறிக்கும் பண்டம் தேவைப்படுகிறது. வாங்க வருபவர் கம்பெனி மிக்சர் பாக்கெட்டைத்தான் கேட்கிறார். அதை விற்றால் நமக்குக் கிடைப்பது கம்பெனிக்காரர் விட்டுக்கொடுக்கும் கமிஷன் மட்டுமே. அடுப்பு, எண்ணெய், சமையல் ஆள் எதுவும் வேண்டாத ஒரு கலவைக்கான சரக்கோ நம் கடையிலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கடலையும், மகாராஷ்டிரத்துச் சாங்லியிலிருந்து வரும் உலர் திராட்சையும், வடக்கே விளைந்த கொண்டைக்கடலையில் வறுத்தெடுத்த பொட்டுக்கடலையும் நாம் அன்றாடம் கையாளும் சரக்குதானே? அவற்றை ஒன்று சேர்த்துக் கட்டுவதற்கு மட்டும் ஏன் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும்?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவறின் மூலம்தான் வந்தது. 1988 என்று நினைவு. மதுரை கீழமாசி வீதியில் எங்கள் தகப்பனார் மொத்தக் கடையோடு முன்புறம் சில்லறையும் வைத்திருந்தார். அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொரி அதிகமாக எடுத்துவிட்டேன். மிச்சம் நின்றது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், மகன் பிறந்த நாளுக்கு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாற்பது பொட்டலம் கேட்டார். நான் மகிழ்ந்துபோய், பொரியோடு பழைய நிலக்கடலையையும் நாட்டுச்சர்க்கரையையும் முதல் நாள் இரவே ஒரே குவியலாகக் கலந்து கட்டி வைத்தேன். இரவெல்லாம் மழை.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, "அண்ணாச்சி, இதை உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். எடுத்து வாயில் போட்டேன். பொரி நமத்து ரப்பர் போல இருந்தது. கடலையில் சிக்கு வாடை. கல்லாவிலிருந்து எழுந்து வந்த தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மா அதற்குப் பிறகு மாத மளிகைக்கும் எங்கள் கடைக்கு வரவில்லை. நாற்பது பொட்டலத்தில் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது எவ்வளவு, இழந்த மாதச் சிட்டை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று நடந்த பிழைகள் என்ன என்று எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. அந்த ஈரம் பக்கத்திலிருக்கும் பொரிக்கு இறங்கினால் மொறுமொறுப்பு போய்விடும். ஆயுத பூஜை வருவதோ மழைக்காலத்தின் வாசலில். பூஜையில் படைத்து அன்றே கொறித்துத் தீர்க்க நாட்டுச்சர்க்கரையைப் போல ருசி எதுவும் இல்லை, அதை மறுக்க மாட்டேன். பையில் அடைத்து நாள்கணக்கில் விற்பதற்கு அது ஆகாது. அதற்கு டைமண்ட் கல்கண்டுதான் சரி. ஈரம் இழுக்காது, கடிக்கும்போது இனிப்பும் தனியாகத் தெரியும்.

உப்பிலும் இதே கதைதான். தூள் உப்பைத் தூவினால் உலர்ந்த பொரியில் அது ஒட்டாது. பையின் அடியில் போய்ச் சேரும். எண்ணெய் விட்டுப் பிசிறலாமே என்பார்கள். விட்டால் நாலு நாளில் எண்ணெய் வாடை வரும். ஆகவே உப்பைத் தனியாகச் சேர்க்காமல் உப்புக்கடலையாகவே சேர்த்துவிட வேண்டும். உப்பு நீரில் ஊறி, உலர்ந்து, வறுபட்டு வந்த கடலையில் உப்பு உதிராது.

இனி முக்கியமான விஷயம், கலக்கும் முறை. பத்துக் கிலோவைத் தரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டிக் கிளறி, பிறகு முகந்து முகந்து பைகளில் போடுவது நம் வழக்கம். பொரி எடையற்றது, கடலையும் கல்கண்டும் கனமானவை. கிளறக் கிளறக் கனமானது கீழே இறங்கும், பொரி மேலே வரும். முதலில் கட்டிய பைகளில் வெறும் பொரி, கடைசிப் பைகளில் கல்கண்டும் தூளும் என்று ஆகிவிடும். இரண்டு வாடிக்கையாளரும் ஏமாந்ததாகவே எண்ணுவார்கள். அதனால் குவியலே வேண்டாம். பைக்குப் பை அளந்து போடுங்கள். நான் கட்டும் கால் கிலோ பையின் அளவு இது: பொரி 60 கிராம், பொட்டுக்கடலை 75, உப்புக்கடலை 75, டைமண்ட் கல்கண்டு 25, உலர் திராட்சை 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளரை ஒதுக்கி, ஒரு முறை எடை போட்டு, அந்த மட்டத்தில் கோடு கிழித்து வைத்துக்கொண்டால் கடைப்பையன் வேகமாகக் கட்டுவான். முடிவில் ஒவ்வொரு பையும் முத்திரையிட்ட தராசில் ஏறி இறங்க வேண்டும். பை குலுங்கிச் சரக்கு கீழே இறங்கினாலும் பரவாயில்லை, தட்டில் கொட்டும்போது அவரவர் பங்கு முழுதாக இருக்கும்.

திராட்சை பற்றி ஒரு எச்சரிக்கை. அதிலும் ஈரப்பதம் உண்டு. இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் விசேஷ ஆர்டருக்கு மட்டும் அதைப் போடுங்கள். கடையில் தொங்கப்போகும் பைக்குத் திராட்சையை விட்டுவிட்டுப் பொட்டுக்கடலையை 90 கிராமாகக் கூட்டிக்கொள்ளலாம். கொப்பரைத் துண்டு போட்டால் நன்றாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். காங்கேயத்து நல்ல கொப்பரையானாலும் நறுக்கிப் பையில் கிடந்தால் விரைவில் சிக்கு வாடை அடித்து மற்றதையும் கெடுக்கும். நான் போடுவதில்லை.

பொரியும் பொட்டுக்கடலையும் சூடான மணலில் பொரிபடுபவை என்பதை மறக்கக்கூடாது. சலிக்காமல் கட்டினால் விருந்தாளியின் பல்லில் மணல் கடிபடும். நிலக்கடலையைக் கையால் பொறுக்கியே ஆக வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை கண்டது எதுவும் போகக்கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாக அழியாது. பழைய கடலையைத் தள்ளிவிடக் கலவை ஒரு வழி என்று நினைப்பவர்கள் இதை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

பையின் வாயை ஸ்டேப்ளர் பின் போட்டு மூடும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம்; பின் ஒன்று கழன்று உள்ளே விழுந்தால் என்ன ஆகும்? கைச் சீலர் ஒன்று வாங்கிப் போட்டால் போதும். செய்தித்தாளில் உணவுப் பொருளைக் கட்டக்கூடாது என்று 2018ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்தது, எடை, கட்டிய தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பது, விலை, நம் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி எல்லாம் பை மேல் இருக்கட்டும். நிலக்கடலை சேர்ந்திருக்கிறது என்பதைத் தனியாகத் தெரியும்படி போடுங்கள். சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பொரிக்கு வரி இல்லை, கட்டி லேபிள் ஒட்டிய பொரிக்கு 2022 ஜூலை 18 முதல் வரி உண்டு. ஆகவே பை கட்டத் தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விலை போடுவதில் தடுமாற்றம் வேண்டாம். கூடுதல் விலைச் சரக்கு திராட்சையும் உப்புக்கடலையும்தான். ஆசை அங்கேதான் கை வைக்கச் சொல்லும். சரக்கின் அன்றைய விலை, சலிப்பதிலும் பொறுக்குவதிலும் போகும் கழிவு, பை, லேபிள், கட்டுக்கூலி இவற்றைக் கூட்டி அதன் மேல் நம் லாபத்தை வைத்து ஒரே விலையாகச் சொல்லுங்கள். கடலை விலை ஏறினால் பையின் விலையை ஏற்றுங்கள். அளவைக் குறைக்காதீர்கள்.

பிறந்த நாள் ஆர்டர் என்று வந்தால் குழந்தைகளின் வயதைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் இந்தப் பையைப் பெரியவர்களுக்கு மட்டும் வையுங்கள், பிள்ளைகளுக்கு வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்டர் சிறுத்துப்போவது உண்மைதான்.

இப்போது எங்கள் கடையில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கலவை கட்டுகிறோம். இரண்டு வாரம் தாண்டிய பையை இறக்கிவிடுகிறோம். மழை பெய்யும் நாளில் கட்டுவதில்லை; கேட்டு வருபவரை வெயில் வந்ததும் வரச் சொல்கிறோம். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு. போன ஐப்பசியில் அப்படிப் போன ஒருவர், மூன்றாம் நாள் வந்து பத்துப் பைக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.