எந்தக் கடை?

பட்டுப்புடவை விஷயத்தில் நம்மைப் போன்ற ஆண்களுக்குத் தெரிந்த ஒரே டிசைன், ஓரத்தில் தொங்கும் விலைச்சீட்டு. தங்கை கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குள் நுழையும்வரை நானும் அப்படித்தான்.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டபடி பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி. தறியில் அரக்கு உடல், பச்சைக் கரை.

"கரையைத் தனியா நெய்து தைச்சிடுவீங்களா?" என்று என் ஞானத்தை வெளிப்படுத்தினேன். அந்த அம்மாள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

"கோர்வை சார்!" என்றார் பெரியவர்.

உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு. மூன்றையும் ஓட்ட ஒரு ஆள் போதாது. ஒரு பக்கத்துக் கரை அம்மாள் இலாகா. ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, அதனதன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு இடத்தில் தவறினாலும் அங்கே பல் இளிக்கும்.

"ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா?"

"கோர்வை காட்டிக் கொடுத்துடும்!"

மயில் கழுத்து நிறத்தில் இன்னொரு புடவையை விரித்தார். பாவு நீலம், ஊடை பச்சை. அசைத்தால் இரண்டிலும் இல்லாத ஒரு நிறம் ஓடி ஒளிகிறது. ஓவியர் தட்டில் குழைப்பதை இவர் இழையில் குழைக்கிறார். ஆனால், சுவரில் மாட்டினால்தான் கலை. இடுப்பில் கட்டினால் சரக்கு!

சுவரில் மாட்டியவர்களும் உண்டு. ஜெர்மனிக்காரரான ஆனி ஆல்பர்ஸ், 1922-ல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்து நெசவைப் பிடித்துக்கொண்டவர். 1949-ல் நியூயார்க் நவீன கலை மியூசியம் அவருடைய நெசவுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. 1965-ல் நெசவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யாருக்குச் சமர்ப்பணம் தெரியுமோ? பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு. அவர்கள்தான் குருமார்களாம். அதில் ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது.

"நீங்க புடவையில பேர் போட்டுக்கக் கூடாதா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எதுக்கு சார்? ஜக்கார்டுல இருக்கிற டிசைன், அட்டை அடிக்கிறவரோடது. கோர்வை என்னுது. திருப்பிப் போட்டுப் பார்த்தா, யார் கைன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்."

"பையனுக்கும் தெரியுமா?"

"தெரியும். ஒரகடத்துல கார் கம்பெனிக்குப் போறான். தறியில உட்கார மாட்டான்." நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களில் ஒருவன் குறைந்துவிட்டான்.

கல்யாணத்தில் புடவையைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கடை?" யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். முக்கால் மணி நேரம் மூச்சுப் பிடித்து முந்நூறு ரூபாய் குறைத்தவன் நான்.

பேரம் பேசத் தெரிந்த எனக்கு, பேர் கேட்கத் தெரியவில்லை.